12 நாள் முழு ஊரடங்கு: உடம்பும் மனசும் கெடாம இருக்க வீட்டுக்குள்ள என்ன பண்றீங்க?

மாடிவீடு · 20 ஜூன் 2020, காலை 11.10

எல்லாருக்கும் வணக்கம். மேற்கு மாம்பலத்துல இருந்து எழுதறேன். கொரோனாவுக்காக சென்னையை நேத்துல இருந்து 30ஆம் தேதி வரைக்கும் மறுபடி முழுசா அடைச்சுட்டாங்க. மார்ச் 24 சாயங்காலம் 144 போட்டதுல இருந்து எண்ணினா இன்னைக்கு 89ஆவது நாள்.

முதல் தடவை அடைச்சப்ப ஒரு வேகம் இருந்துச்சு. பரண் ஒழிச்சோம், மொட்டை மாடியில வடகம் பிழிஞ்சோம், பழைய போட்டோவெல்லாம் எடுத்துப் பார்த்தோம். இந்தத் தடவை அது வரவே மாட்டேங்குது. மாமியாருக்கு 74 வயசு, சர்க்கரை உண்டு. காலைல ஈசிசேர்ல உட்கார்ந்தா ராத்திரிதான் எழுந்திருக்கறாங்க. சாயங்காலம் ஆனா டிவியில இன்னைக்கு எத்தனை பேர்னு எண்ணிக்கை பார்த்துட்டு அப்புறம் தூங்கறதே இல்ல. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேஜையில லேப்டாப்போட உட்கார்ந்திருக்கார். பையன் பத்தாவது. 9ஆம் தேதி பரீட்சை ரத்து, எல்லாரும் பாஸ்னு சொன்ன அன்னைக்கு குதிச்சான். இப்ப மத்தியானம் 12க்கு எழுந்திருக்கறான், யார்கிட்டயும் பேசறதில்ல. நான் அஞ்சு வேளையும் அடுப்படியில நிக்கறேன். குதிகால் வலி உயிர் போகுது.

நேத்து குக்கர் மூணாவது விசில் அடிச்சப்ப காரணமே இல்லாம அழுகை வந்துடுச்சு. பருப்பு தீஞ்ச வாசனை வந்த பிறகுதான் அடுப்பையே அணைச்சேன்.

வாட்ஸ்அப்ல வர்ற “பத்து வழிகள்” எனக்கு வேண்டாம். நீங்க நிஜமா செஞ்சு பார்த்து பிடிச்சுக்கிட்டது எதுன்னு சொல்லுங்க.

---

ஓஎம்ஆர்_அறை · 20 ஜூன், மதியம் 12.25

அக்கா, நான் துரைப்பாக்கம். 26 வயசு. அறையில மூணு பேர் இருந்தோம், ரெண்டு பேர் இ-பாஸ் வாங்கி ஊருக்குப் போயிட்டாங்க. மெஸ் மூடிட்டாங்க. மெத்தையில சாய்ஞ்சு மடியில லேப்டாப் வெச்சு 11 மணி நேரம் வேலை. கழுத்துல இருந்து வலது தோள் வரைக்கும் மரத்துப் போகுது. ராத்திரி 3 மணிக்கு முன்னாடி தூக்கம் வரல. நானும் இதே கேள்வியோடதான் இருக்கேன்.

---

தசைநார் · 20 ஜூன், மாலை 4.50

நான் பிசியோதெரபிஸ்ட். கிளினிக் மூடியிருக்கு, போன்லதான் நோயாளிகளைப் பார்க்கறேன். மூணு மாசமா நான் கேக்கற கதை முக்கால்வாசி இதேதான்.

முதல்ல குதிகால். காலைல முதல் அடி வைக்கும்போது ஊசி குத்தற மாதிரி வலிச்சு, கொஞ்சம் நடந்தா குறையுதா? அப்படின்னா பெரும்பாலும் பாதத்துக்கு அடியில குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் ஓடற சவ்வு புண்ணாகியிருக்கும். முன்னாடி வெளியில போக வர செருப்பு இருந்துச்சு. இப்ப நாள் முழுக்க மொசைக் தரையில வெறுங்கால். அதனால அடுப்படிக்குன்னே ஒரு மெத்துன்னு இருக்கற ரப்பர் செருப்பு வெச்சுக்கோங்க. கட்டில்ல இருந்து இறங்கறதுக்கு முன்னாடியே ஒரு துண்டை விரல்களுக்கு அடியில போட்டு, முட்டியை மடக்காம, உங்க பக்கம் இழுத்துப் பிடிச்சு 30 நொடி. அப்படி மூணு தடவை. சாயங்காலம் ஃப்ரீசர்ல உறைய வெச்ச தண்ணி பாட்டில் மேல பாதத்தை வெச்சு முன்னும் பின்னும் அஞ்சு நிமிஷம் உருட்டுங்க. ஒரு வாரத்துல போயிடும்னு சொல்ல மாட்டேன். விடாம செஞ்சா குறையும். மாமியாருக்கு இந்தப் பாட்டில் வைத்தியம் வேண்டாம். சர்க்கரை இருக்கறவங்களுக்கு பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், குளிர் சுடறதே தெரியாது.

மாமியாரைப் பத்திதான் எனக்கு அதிக கவலை. வயசானவங்க ஒரே இடத்துல உட்கார்ந்துட்டா தொடைத் தசை சீக்கிரம் கரையும். அப்புறம் ஒரு நாள் பாத்ரூம்ல கால் மடங்கும். கை வெச்ச நாற்காலி ஒண்ணைச் சுவரோட ஒட்டிப் போடுங்க. அதுல உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்க, கையை ஊனலாம். முதல் நாள் 5 தடவை போதும். 10 ஆனதும் கையை ஊனாம முயற்சி பண்ணட்டும். சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்கறது இன்னொண்ணு. நீங்க சமைக்கும்போது பக்கத்துல நின்னு செய்யட்டும், பேச்சுத் துணையும் ஆச்சு.

சாப்பிட்டதும் ஹால்ல 10, 15 நிமிஷம் நடக்கணும். நடக்கற தசை ரத்தத்துல இருக்கற சர்க்கரையை இழுத்துக்கும். 12 அடி ஹால்ல இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்கு 273 தடவை போனா 1 கிலோமீட்டர். எண்ண வேண்டாம், கடிகாரத்தைப் பார்த்து நடந்தா போதும். எட்டு போட்டு நடக்கலாமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. இடம் கம்மியா இருந்தா நல்ல வழிதான், ஒரே பக்கம் திரும்பிக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. ஆனா மூட்டு தேய்மானம் இருக்கறவங்க சின்ன எட்டு போட்டா முட்டி திருகும். அவங்க நேரா நடக்கறதே நல்லது.

துரைப்பாக்கம் தம்பி, மெத்தையை விட்டு முதல்ல இறங்குங்க. சமையல் மேடை, அட்டைப் பெட்டி, எது மேலயாவது லேப்டாப்பை வெச்சு திரை கண்ணுக்கு நேரா வரணும். கீபோர்டு தனியா 500 ரூபாய்க்குள்ள கிடைக்கும், கடை திறந்ததும் வாங்குங்க. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்க. தாடையை நேரா பின்னால இழுத்து, ரெட்டைத் தாடை வர்ற மாதிரி 5 நொடி பிடிங்க. பத்து தடவை. கை விரல் வரைக்கும் மரத்துப்போச்சுன்னாலோ, பிடி வலு குறைஞ்சாலோ தனிமடல் போடுங்க, அதை இப்படி எழுதிச் சரி பண்ண முடியாது.

---

கடலோரம் · 20 ஜூன், இரவு 8.15

திருவான்மியூர். வயது 71. வங்கியில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மகள் கடல் கடந்து இருக்கிறாள். தனி ஆள்.

தினமும் காலை 5.30க்குக் கடற்கரையில் நடப்பேன். அங்கே ஏழெட்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து பேசுவோம். மார்ச்சில் அது நின்றது. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் மகள் வீடியோவில் என்னைப் பார்த்துவிட்டு, “அப்பா, மூணு நாளா அதே பனியன்” என்றாள். எனக்கு அதுவரை தெரியவே இல்லை. குளிப்பதற்குப் பகல் இரண்டு மணி ஆகியிருக்கிறது. சவரம் செய்து பத்து நாள். பகலில் தூங்கி இரவில் விழித்திருக்கிறேன். சோறு வைக்கச் சலித்து ரொட்டியும் பாலும்.

மறுநாளிலிருந்து ஒன்று செய்தேன். 5.30க்கு எழுந்து, குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்ட பிறகுதான் காபி. யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் சட்டை. பிறகு கதவைத் திறந்து பால்கனியில் வெளிச்சம் முகத்தில் படும்படி அரை மணி நேரம்.

அடுத்தது, காலை 10 மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. என்னிடம் ரெக்சின் அட்டை போட்ட பழைய முகவரி டைரி இருக்கிறது. ஏழு இலக்க எண்களுக்கு முன்னால் 2 சேர்த்து எழுதிய காலத்து டைரி. அதில் அகர வரிசைப்படி தினம் ஒருவரை அழைக்கிறேன். பாதி எண்கள் இப்போது இல்லை. ‘க’ வரிசையில் ஒரு நண்பரின் வீட்டில் அவர் மனைவி எடுத்தார். அவர் போய் இரண்டு வருடம் ஆகிறதாம். வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அந்த அம்மா, “அவரைப் பத்தி ஏதாவது சொல்லுங்க சார், யாருமே இப்ப பேசறதில்ல” என்றார். 1984இல் ஒரு மழை நாளில் நானும் அவரும் பணப்பெட்டிச் சாவியைத் தொலைத்துவிட்டு மேலாளருக்குப் பயந்து தெருவெல்லாம் தேடிய கதையைச் சொன்னேன். நாற்பது நிமிடம் பேசினோம். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

சகோதரி, உங்கள் மாமியாருக்கும் பழைய தோழிகள் இருப்பார்கள். எண்களைத் தேடிக் கொடுங்கள்.

---

மூணுசக்கரம் · 20 ஜூன், இரவு 10.40

எல்லாரும் நல்லாதான் எழுதறீங்க, தப்பா எடுத்துக்காதீங்க. நான் புளியந்தோப்பு, ஆட்டோ ஓட்டறேன். வீடு 10க்கு 12. அஞ்சு பேர் இருக்கோம். பாத்ரூம் நாலு குடித்தனத்துக்கு ஒண்ணு. மொட்டை மாடியை ஓனர் பூட்டி வெச்சிருக்காரு. தெரு முனையில வழியை அடைச்சு தகரம் அடிச்சிருக்காங்க. நான் எட்டு எங்க போடறது? பால்கனி எங்க இருக்கு?

ஜூன் 1ல இருந்துதான் மெட்ராஸ்ல ஆட்டோ ஓட்ட விட்டாங்க. 18 நாள் ஓட்டினேன், சவாரி சரியா இல்ல. நேத்தோட அதுவும் போச்சு. குழுக் கடன் வாங்கினவங்க தினம் பொண்டாட்டிக்கு போன் போட்டு கேக்கறாங்க. எங்க மனசு கெட்டுப்போனதுக்கு காரணம் மனசு இல்லீங்க, காசு.

---

மாடிவீடு · 20 ஜூன், இரவு 11.05

தம்பி, நீங்க சொன்னது உறைக்குது. மாடி சாவி என் வீட்டு ஆணியில தொங்குது. அது ஒரு சொத்துன்னு நான் நினைச்சதே இல்ல.

---

கடலோரம் · 21 ஜூன், காலை 7.20

மூணுசக்கரம் தம்பிக்கு. நேற்று நான் டைரியைப் பற்றி எழுதினேன், நீங்கள் வயிற்றைப் பற்றி எழுதினீர்கள். எனக்குத் தெரிந்த தொழிலில் இருந்து பதில் சொல்கிறேன்.

ரிசர்வ் வங்கி மார்ச்சில் மூன்று மாதம் தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. மே மாதம் அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டியிருக்கிறது. வங்கிக்கு மட்டுமல்ல, நுண்கடன் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் தானாக நடக்காது. நீங்கள் கேட்க வேண்டும், அவர்கள் தங்கள் கொள்கைப்படி ஒப்புக்கொள்ள வேண்டும். தள்ளிவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறும், அதையும் தெரிந்துகொண்டு கேளுங்கள். வசூலுக்கு வருபவரிடம் வாயால் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். கடன் கணக்கு எண், எந்தத் தேதியிலிருந்து வருமானம் இல்லை, எத்தனை மாதத் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கிறீர்கள், இவ்வளவும் நான்கு வரியில் எழுதி அவர்களுடைய வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பி, அந்தத் தகவலை அழிக்காமல் வைத்திருங்கள். தனிமடலில் விவரம் அனுப்பினால் நானே கடிதம் எழுதித் தருகிறேன்.

அரிசி அட்டைக்கு 1000 ரூபாய் நாளையிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று அறிவித்திருக்கிறார்கள். வரவில்லையென்றால் எழுதுங்கள்.

---

தசைநார் · 21 ஜூன், காலை 9.30

தம்பி, நான் எழுதினது மாடி இருக்கறவங்களுக்குன்னு ஆகிப்போச்சு. மன்னிக்கணும். நின்ன இடத்துல செய்யறதுக்கு ஒரு ஆள் படுக்கற இடம் போதும். சுவர்ல கை ஊனி தண்டால், நாற்காலி இல்லாட்டி ஸ்டூல்ல உட்கார்ந்து எழுந்திருக்கறது, நின்ன இடத்துலயே முட்டியைத் தூக்கி ஓடறது. பசங்களையும் சேர்த்துக்கோங்க. எண்ணற வேலையை அவங்ககிட்ட விட்டா சண்டையும் குறையும்.

இன்னைக்கு கிரகணம், 10.22ல இருந்து. மாடிக்குப் போறவங்க வெறும் கண்ணால பார்க்காதீங்க, எக்ஸ்ரே ஃபிலிம் வெச்சும் பார்க்காதீங்க.

---

தேக்கா · 21 ஜூன், பிற்பகல் 3.15

சிங்கப்பூர்லேருந்து எழுதுறேன், ஊரு பட்டுக்கோட்டைப் பக்கம். கட்டுமான வேலை. ஏப்ரல் மொத வாரத்துலேருந்து எங்க விடுதிய விட்டு வெளில விடல. ஒரு ரூம்ல 12 பேரு, அடுக்குக் கட்டிலு. கொஞ்ச நாளு தாழ்வாரத்துல கூட நிக்கக் கூடாதுன்னாங்க. சாப்பாடு பொட்டலம் வந்துடும், சம்பளம் ஓரளவு வருது, அதுல கொறை சொல்லல. ஆனா 12 ஆம்பளைங்க ஒரு ரூம்ல ரெண்டரை மாசம்.

மே மாசம் எங்க ரூம்ல ஒருத்தனோட அப்பா ஊர்ல தவறிட்டாரு. ப்ளைட் கெடயாது. அவன் மேக்கட்டுல உக்காந்து போன்லயே எல்லாத்தையும் பாத்தான். கொள்ளி வக்கிறப்ப சிக்னல் நின்னு போச்சு. அவன் அந்த நின்னுபோன படத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். நாங்க 11 பேரும் கீழ நிக்கிறோம், என்ன சொல்றதுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. கடைசில ஒரு பெரியவரு ஏறிப் போயி போன வாங்கி வச்சுட்டு, பக்கத்துல சும்மா உக்காந்துக்கிட்டாரு. விடியிற வரைக்கும்.

அதுக்கப்பறம் அவன் செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்தவன் படுத்தவந்தான். அப்ப ரூம்ல ஒரு முடிவு பண்ணோம். யாரு படுத்துக் கெடந்தாலும் மூணு வேளை சாப்பாட்டுக்குக் கீழ எறங்கி வந்து வட்டமா உக்காந்துதான் சாப்புடணும். பசிக்கலன்னாலும் வந்து உக்காரணும். எவனும் எவனையும் தனியா படுக்க விடக் கூடாது. சாயங்காலம் 5 மணிக்கு மேக்கட்டுக் கம்பியப் பிடிச்சுப் பத்துத் தடவ தொங்கி ஏறணும், ரெண்டு லிட்டரு தண்ணி பாட்டில்ல தண்ணி ரொப்பித் தூக்கணும். அவன் மொத வாரம் வந்து சும்மா உக்காந்தான். ரெண்டாம் வாரம் பாட்டிலத் தூக்குனான்.

புளியந்தோப்பு அண்ணே, எடம் இல்லன்னாலும் ஆளு இருக்காங்கல்ல. அதத்தான் நான் சொல்லுவேன்.

---

மூணுசக்கரம் · 23 ஜூன், அதிகாலை 2.40

யாராச்சும் முழிச்சிருக்கீங்களா. எல்லாரும் தூங்கறாங்க. நான் வாசப்படியில உக்காந்திருக்கேன். நான் இல்லன்னா இவங்களுக்கு ஒரு வாய் குறையும்னு தோணுது. எதுவும் வேணாம்னு இருக்கு.

---

இரவுப்பணி · 23 ஜூன், அதிகாலை 2.58

நான் முழிச்சிருக்கேன் தம்பி. அரசு மருத்துவமனை ஒண்ணுல நர்ஸ், கொரோனா வார்டு. கவச உடையைக் கழட்டிட்டு இப்பதான் தண்ணி குடிக்க வந்தேன்.

நேரா கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. உயிரை விட்டுடலாம்னு தோணுதா? இப்பவே ஏதாவது செஞ்சுக்கணும்னு இருக்கா?

---

மூணுசக்கரம் · 23 ஜூன், அதிகாலை 3.06

தோணுதுக்கா. நாலு நாளா. இப்ப எதுவும் செய்யப் போறதில்ல. பயமாவும் இருக்கு.

---

இரவுப்பணி · 23 ஜூன், அதிகாலை 3.12

சொன்னதுக்கு நன்றி தம்பி. இதை வாய்விட்டுச் சொல்றது பெரிய விஷயம். இந்த மூணு மாசத்துல இப்படித் தோணினவங்க நிறைய பேரை நான் பார்த்துட்டேன். அந்த நினைப்பு அலை மாதிரி, உச்சிக்குப் போகும், இறங்கவும் இறங்கும். ராத்திரி தூக்கம் இல்லாதப்பதான் அது பெருசாத் தெரியும். அந்த நேரத்துல தனியா இருக்கக் கூடாது.

இப்ப உள்ள போய் உங்க வீட்டம்மாவை எழுப்புங்க. எழுப்பினா பயந்துடுவாங்கன்னு யோசிக்காதீங்க. “எனக்கு மனசு சரியில்ல, கொஞ்ச நேரம் கூட உக்காரு”ன்னு மட்டும் சொல்லுங்க, போதும். அப்புறம் 104க்கு போன் பண்ணுங்க. 24 மணி நேரமும் எடுப்பாங்க, கவுன்சிலிங் ஆள்கிட்ட கொடுக்கச் சொல்லுங்க, காசு கிடையாது. விடிஞ்சதும் ஸ்நேகாவுக்குப் பேசுங்க, இப்படி உயிரை விடத் தோணறவங்களுக்கு உதவற அமைப்பு, 044 24640050. 1986ல இருந்து மெட்ராஸ்ல இந்த வேலையை மட்டுமே செய்யறவங்க. உங்களைத் திட்ட மாட்டாங்க, புத்திமதியும் சொல்ல மாட்டாங்க, கேப்பாங்க.

எனக்கு 4 மணி வரைக்கும் இடைவேளை இருக்கு. வீட்டம்மா எழுந்துட்டாங்களான்னு எழுதுங்க. நான் இங்கயே இருக்கேன்.

---

மூணுசக்கரம் · 23 ஜூன், அதிகாலை 3.31

எழுந்துட்டா. அழுதா. டீ போடறா.

---

கடலோரம் · 23 ஜூன், காலை 5.40

இப்போதுதான் பார்த்தேன் தம்பி. தனிமடலில் என் எண் அனுப்பியிருக்கிறேன். இன்று காலை 10 மணி அழைப்பு உங்களுக்கு. இனி தினமும் உங்களுக்குத்தான். டைரியை மாலையில் பார்த்துக்கொள்கிறேன்.

---

இரவுப்பணி · 24 ஜூன், பிற்பகல் 1.20

தம்பி நேத்து 104லயும் ஸ்நேகாவுலயும் பேசிட்டார்னு சொன்னார். மத்ததை அவரே சொல்லணும்னா சொல்லட்டும்.

நான் இழையை முதல்ல இருந்து இப்பதான் படிச்சேன். வார்டுல 7 நாள், அப்புறம் 7 நாள் தனிமை, இதுதான் எங்க வாழ்க்கை. ஆறு மணி நேரம் அந்த உடைக்குள்ள தண்ணி குடிக்காம இருந்து கழட்டினா விரலெல்லாம் துணி துவைச்ச மாதிரி சுருங்கியிருக்கும். வீட்டு ஓனர் வேற வீடு பாருங்கன்னு சொல்லிட்டார். அன்னைக்கு நானும் உடைஞ்சு போனேன். தனிமை நாட்கள்ல என்னைக் காப்பாத்தறது ஒரே ஒரு பழக்கம்தான்: படுக்கப் போகும்போது போனைக் கதவுக்கு வெளியில வெச்சுடுவேன். எண்ணிக்கை எதையும் ராத்திரி பார்க்க மாட்டேன். மாடிவீடு அக்கா, உங்க மாமியாருக்கும் அதையே செய்யுங்க. இப்ப தினமும் தமிழ்நாட்டுக்கு 2000த்தைத் தாண்டுது. அதை சாயங்காலம் கேட்டுட்டு தூங்குன்னா யாருக்குத் தூக்கம் வரும்? மறுநாள் காலைல பேப்பர்ல பார்த்தா போதும்.

இன்னொண்ணு, இது எனக்கு ரொம்ப ஆதங்கம். கொரோனாவுக்குப் பயந்து மத்த வியாதியை வீட்டுலயே வெச்சுக்கறாங்க. நெஞ்சுவலியை வாயுன்னு சொல்லி ரெண்டு நாள் கழிச்சு வந்தவங்களை நான் பார்த்தேன். நெஞ்சு அழுத்தம், வேர்வை, இடது கை வலி, திடீர்னு வாய் கோணறது, கை கால் தளர்றது, இதுக்கெல்லாம் 108தான், காத்திருக்காதீங்க. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீங்க. கபசுரக் குடிநீர் குடிக்கறீங்களா, அரசு சொன்ன அளவுல குடிங்க, ஆனா அது இருக்குன்னு மாத்திரையை விடாதீங்க. ஆவி பிடிக்கும்போது குழந்தைங்களைப் பக்கத்துல விடாதீங்க, வெந்நீர் கவிழ்ந்த பிள்ளைங்களைப் பார்த்தவ சொல்றேன்.

---

வைகைக்கரை · 26 ஜூன், காலை 8.05

மதுரைல எங்களுக்கும் 24ல இருந்து முழு அடைப்பு. கடை மூடினதும் எங்க அண்ணன் குடிக்கறதை நிப்பாட்டிட்டாரு. நல்லதுதானேன்னு இருந்தோம். நேத்து ராத்திரில இருந்து கை நடுங்குது, வேர்த்து ஊத்துது. சுவத்துல எறும்பு ஊருதுங்கறாரு, எறும்பே இல்ல. தூங்க வச்சா சரியாயிருமா?

---

இரவுப்பணி · 26 ஜூன், காலை 8.19

இல்லம்மா, தூங்க வைக்காதீங்க. உடனே 108 கூப்பிடுங்க. வருஷக்கணக்கா தினம் குடிச்சவங்க சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல இப்படி வரும். இல்லாதது கண்ணுக்குத் தெரியறது, குழம்பறது, வலிப்பு வர்றது, இது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்து பத்திரமா இறக்குவாங்க. வண்டி வர்ற வரைக்கும் ஒருத்தர் கூடவே இருங்க, கட்டிப் போடாதீங்க, திட்டாதீங்க. சாராயத்துக்குப் பதிலா வேற எதையாவது குடிச்சிருக்காரான்னு கேட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

---

வைகைக்கரை · 26 ஜூன், இரவு 9.50

சேத்துட்டோம்க்கா. ட்ரிப்ஸ் ஏறுது. போற வழில வண்டிலயே ஒரு தடவை வலிப்பு வந்துச்சு. நீங்க சொல்லலைன்னா படுக்க வச்சிருப்போம்.

---

ஓஎம்ஆர்_அறை · 29 ஜூன், இரவு 10.10

ரெண்டு அரிசி டின்னைக் கவிழ்த்து மேல பலகை போட்டு லேப்டாப் வெச்சிருக்கேன். நின்னுக்கிட்டே வேலை. தோள் மரப்பு பாதி குறைஞ்சிருக்கு. தூக்கம் இன்னும் 1 மணிக்குத்தான் வருது. ஆனா எப்ப தூங்கினாலும் 7க்கு எழுந்துடறேன். தசைநார் சார் தனிமடல்ல அதைத்தான் சொன்னார்: படுக்கற நேரம் நம்ம கையில இல்ல, எழுந்திருக்கற நேரம் நம்ம கையில இருக்கு, அதைப் பிடிச்சுக்கோன்னு. மெத்தையில இப்ப தூங்கறது மட்டும்தான்.

அரசாங்க அறிவிப்பு பார்த்தீங்களா? நமக்கும் மதுரைக்கும் ஜூலை 5 வரைக்கும் நீட்டிட்டாங்க.

---

மாடிவீடு · 1 ஜூலை, காலை 11.30

12 நாள்னு தலைப்பு வெச்சேன், 17 ஆகிடுச்சு.

எங்க வீட்டுக் கதை. கடலோரம் ஐயா சொன்ன மாதிரி மாமியாரோட பழைய நோட்டைத் தேடினோம். கும்பகோணத்துல கூடப் படிச்ச சிநேகிதி ஒருத்தர் நம்பர் மூணு கை மாறிக் கிடைச்சுது. ரெண்டு பேரும் இப்ப தினம் சாயங்காலம் எண்ணிக்கை சொல்ற நேரத்துலதான் பேசறாங்க. அந்த நேரத்துல டிவி அணைஞ்சே இருக்கு. நாற்காலியில உட்கார்ந்து எழுந்திருக்கறது 8 தடவை ஆகியிருக்கு. குதிகால் எனக்குப் பரவாயில்ல, காலைல மட்டும் வலிக்குது.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. இங்க எழுதின அன்னைக்கு ராத்திரி, இந்த முதல் பதிவை அப்படியே வீட்டுக்காரர்கிட்ட படிக்கக் கொடுத்தேன். வாயால சொன்னா சண்டையா ஆகிடும்னுதான். அவர் ரொம்ப நேரம் பேசல. மறுநாள்ல இருந்து ராத்திரி டிபன் அவரும் பையனும். பையனுக்கு சப்பாத்தி வட்டமா வரல, வெந்தா போதும்னு சொல்லிட்டேன். 7 மணியில இருந்து 8 மணி வரைக்கும் நான் அடுப்படிப் பக்கமே போறதில்ல. மாடியில தனியா நடக்கறேன். மாவு பிசையறப்ப அவன் அப்பாகிட்ட என்னென்னவோ பேசறான், மாடி வரைக்கும் கேக்குது.

---

தேக்கா · 1 ஜூலை, பிற்பகல் 2.45

நெறஞ்ச சந்தோசம் அக்கா. எங்க விடுதில எல்லாத்துக்கும் பரிசோதன முடிஞ்சிருச்சு. எப்ப வேலைக்கு விடுவாங்கன்னு தெரியல. அந்தப் பையன் நேத்துதான் ஊருக்கு வீடியோ போட்டு அம்மாகிட்ட பேசுனான், அப்பா தவறுனதுக்கப்பறம் மொத தடவையா. நாங்கல்லாம் தாழ்வாரத்துல நின்னுக்கிட்டோம். இப்ப தாழ்வாரத்துல நிக்க விடுறாங்க.

---

மூணுசக்கரம் · 6 ஜூலை, இரவு 9.20

இன்னைக்கு தகரத்தை எடுத்துட்டாங்க. காலைல வண்டியை எடுக்கப் போனா பேட்டரி சுத்தமா இறங்கியிருக்கு, 17 நாள் நின்ன வண்டி. பக்கத்து வீட்டுக்காரங்க மூணு பேரு முனை வரைக்கும் தள்ளினாங்க. பக்கத்துல நின்னாலே பயப்படற நேரத்துல கை வெச்சு தள்ளினாங்க. ரெண்டு சவாரி கிடைச்சுது, 170 ரூபா.

அந்த ராத்திரி பத்தி எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். நினைப்பு முழுசா போகல, ஆனா தூரமா போயிருக்கு. தவணை ஆகஸ்ட் வரைக்கும் தள்ளி வெச்சுட்டாங்க, அய்யா எழுதிக் கொடுத்த லெட்டரைத்தான் அனுப்பினேன். 104லேர்ந்து சொன்னபடி ஆஸ்பத்திரியில மனநல டாக்டரைப் பார்த்தேன், மாத்திரை கொடுத்திருக்காரு, ரெண்டு மூணு வாரம் ஆகும்னு சொன்னாரு. பொண்டாட்டி டப்பாவுல போட்டு அவளே எடுத்துத் தர்றா. ஓனர்கிட்ட மாடியை சாயங்காலம் ஒரு மணி நேரமாச்சும் திறக்கச் சொல்லி நாலு குடித்தனமும் சேர்ந்து கேட்டோம், திறந்துட்டாரு. பசங்க எண்ணறாங்க, நான் தண்டால் எடுக்கறேன்.

இரவுப்பணி அக்கா, வீடு கிடைச்சுதா உங்களுக்கு? எங்க பக்கம் காலி வீடு ரெண்டு இருக்கு, சின்னது. உங்க வேலை என்னன்னு சொல்லியே கேட்டேன், தர்றேன்னு சொன்னாங்க.

அய்யா, நாளைக்கு 10 மணிக்கு நான் பேட்டரிக் கடையில இருப்பேன். சத்தமா இருக்கும். ஆனா பண்ணுங்க.